இரண்டரை மணி நேரம் வட்டமிட்ட திருச்சி விமானம்: நாம் பயந்தது எதற்கு, பயப்பட வேண்டியது எதற்கு?

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை விடுமுறை நாள். மாலை 5.40 மணியளவில் 141 பயணிகளுடன் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேலெழும்பிய சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்று தரைக்குத் தகவல் சொன்னது. அதன் பிறகு திருச்சி, புதுக்கோட்டை வான்பரப்பில் வட்டமிடத் தொடங்கியது. மக்ரிப் பாங்கு சொன்னபோதும் அது மேலேதான் இருந்தது. இஷா பாங்கு சொன்னபோதும் மேலேதான் இருந்தது. இரவு எட்டேகால் மணியளவில் பத்திரமாகத் தரையிறங்கியது. ஒருவருக்கும் ஆபத்தில்லை. எல்லாப் புகழும் இறைவனுக்கே.

ஷார்ஜா விமானம் என்றால் அது நம் வீட்டு விமானம். வளைகுடாவில் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. திருச்சியிலிருந்து போகும் அந்த விமானங்களில் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் வாப்பா இருப்பார், முதன்முதலாக விசா கிடைத்துப் போகும் இளைஞர் இருப்பார், கணவரிடம் பிள்ளைகளோடு போகும் பெண் இருப்பார். அதனால்தான் அன்று மாலை நம் வீடுகளில் சோறு இறங்கவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் தஸ்பீஹும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

அன்று எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். கோளாறு என்று தெரிந்தவுடன் கீழே இறக்காமல், இத்தனை உயிர்களை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஏன் சுற்றவிட்டார்கள்? இது நியாயமான கேள்வி. இதற்கான பதிலைப் புரிந்துகொண்டால் நம் பயத்தில் பாதி குறையும். மீதிப் பயத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கோளாறு எப்படிப்பட்டது?

ஜேசிபி இயந்திரத்தின் கரம் ஒரு டன் மண்ணை அள்ளித் தூக்குவதைப் பார்த்திருக்கிறோம். அந்த வலு எண்ணெயின் அழுத்தத்திலிருந்து வருகிறது. குழாய்க்குள் அடைபட்ட திரவத்தை அழுத்தினால் மறுமுனையில் பெரும் விசை கிடைக்கும். அதைத்தான் ஹைட்ராலிக் என்கிறோம். விமானத்தில் சக்கரங்களை உள்ளிழுப்பது, இறக்கையின் மடிப்புகளை விரிப்பது, பிரேக் போடுவது, திசை திருப்புவது என்று கனமான வேலைகள் பலவற்றையும் இந்த அழுத்தம்தான் செய்கிறது.

அப்படியானால் அது பழுதானால் எல்லாம் முடிந்ததா? இல்லை. போயிங் 737 வகை விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றல்ல. ஏ, பி என்று இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன. இவை போக அவசரத்துக்கென்று மூன்றாவது ஒன்று காத்திருக்கிறது. ஒன்றின் எண்ணெய் முழுவதும் கசிந்து போனாலும் மற்றதைப் பாதிக்காதபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். சக்கரங்களை இறக்க அழுத்தமே இல்லாமல் போனாலும், விமானி அறையில் உள்ள கைப்பிடிகளை இழுத்தால் கம்பிவடங்கள் பூட்டை விடுவிக்கும். சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். இறக்கை மடிப்புகளை விரிக்க மின் மோட்டார் தனியாக உண்டு. ஏ, பி இரண்டுமே போனால்கூட விமானத்தை ஏற்றி இறக்கவும் சாய்த்துத் திருப்பவும் விமானி தன் கை பலத்தைக் கொண்டே முடியும். பாரமாக இருக்கும், ஆனால் முடியும்.

விமானத்துறையில் ஒரு கோளாறைச் சிறியது என்று சொன்னால் அது அற்பமானது என்று பொருளல்ல. அதற்கு மாற்று இருக்கிறது, அந்த மாற்றைப் பயன்படுத்த விமானிக்குப் பயிற்சி இருக்கிறது என்று பொருள். தரையில் உள்ள பயிற்சிக் கூண்டில் இப்படிப்பட்ட பழுதுகளைச் செயற்கையாக உண்டாக்கி விமானிகளுக்கு மீண்டும் மீண்டும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

ஓடுபாதையில் கோளாறு தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கும் கணக்கு உண்டு. வேகம் 80 நாட், அதாவது மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டரை எட்டும் முன் சிறிய எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் விமானத்தை நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் தீ, எஞ்சின் செயலிழப்பு போன்ற பெரிய காரணங்களுக்கு மட்டுமே நிறுத்த வேண்டும். அதற்கும் மேலே ஓர் எல்லை வேகம் உண்டு. அதைக் கடந்தபின் நிறுத்த முயன்றால் ஓடுபாதை போதாது. அப்போது பறப்பதுதான் பாதுகாப்பு. முதலில் மேலே போ, விமானத்தை நிலைப்படுத்து, பிறகு நிதானமாகப் பட்டியலை எடுத்துப் படித்துச் சரிசெய் என்பதே அவர்களுக்குக் கற்றுத்தரப்படும் ஒழுங்கு.

ஏன் உடனே இறங்கவில்லை?

காரணம் எடை. 737-800 மாதிரியை எடுத்துக்கொண்டால், அது அதிகபட்சம் சுமார் 79 டன் எடையுடன் மேலே எழும்பலாம். ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. ஷார்ஜா வரை போவதற்கான எரிபொருளோடு கிளம்பிய விமானம், கிளம்பிய கையோடு இறங்கினால் பாரம் மிகுந்திருக்கும். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி உண்டு. 737-ல் அது இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இந்த வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரிபொருளை எரிக்கும். இரண்டரை மணி நேரம் எதற்கு என்பது இப்போது விளங்கும்.

திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். ஹைட்ராலிக் வலு குறைந்திருக்கும்போது விமானத்தை நிறுத்த உதவும் கருவிகள் சிலவும் முழு பலத்தோடு இருக்காது. எடை கூடினால் இறங்கும் வேகம் கூடும், நிற்பதற்கான தூரமும் கூடும். ஓடுபாதையின் நீளத்தைக் கருத்தில் கொண்டு, முன்னெச்சரிக்கையாக எரிபொருளையும் எடையையும் குறைக்கவே பலமுறை வட்டமிட்டதாக நிறுவனமும் விளக்கம் கொடுத்திருக்கிறது.

ஓடுபாதைக்குள் நிற்காத விமானம் என்னவாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2010 மே மாதம் துபையிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், துபையிலிருந்து கோழிக்கோடு கரிப்பூருக்கு வந்த விமானமும் அவ்வாறே விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். இரண்டும் இதே நிறுவனத்தின் விமானங்கள். இரண்டிலும் ஓடுபாதையின் தொடக்கப் பகுதியைக் கடந்து வெகுதூரம் போன பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. கரிப்பூரில் அன்று கொட்டும் மழை. முதல்முறை இறங்க முயன்றபோது தலைமை விமானியின் பக்கம் இருந்த கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யாமல் நின்றுபோனதும் விசாரணையில் பதிவானது. ஒரு சாதாரணத் துடைப்பான்தான். ஆனால் மழையிரவில் எடுத்த தவறான முடிவோடு அது சேர்ந்துகொண்டது.

ஜித்தாவில் அவசரம், ரியாதில் தாமதம்

நம் நினைவிலிருந்து மறைந்துபோன இரண்டு சம்பவங்களை இங்கே சொல்ல வேண்டும்.

1991 ஜூலை 11. ஹஜ்ஜை முடித்துவிட்டு ஊர் திரும்பும் நைஜீரிய ஹாஜிகள் ஜித்தாவில் விமானம் ஏறினார்கள். நைஜீரியா ஏர்வேஸுக்காகக் கனடா நிறுவனம் ஒன்று இயக்கிய பழைய டிசி-8 விமானம் அது. அதன் டயர்களில் காற்றழுத்தம் குறைவாக இருந்தது பராமரிப்பு ஊழியருக்குத் தெரியும். நிரப்ப வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் நிரப்புவதற்கான நைட்ரஜன் வாயு கைவசம் இல்லை. காத்திருந்தால் விமானம் தாமதமாகும். தாமதத்தை ஏற்க மனமில்லாத பொறுப்பாளர் விமானத்தைக் கிளப்பிவிட்டார். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதே டயர் சிதைந்தது. சுழலாமல் போன சக்கரம் தரையில் உராய்ந்து தீப்பிடித்தது. மேலெழும்பியதும், உள்ளே தீ இருப்பது தெரியாமலே சக்கரங்கள் விமானத்தின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டன. விமானி திரும்பி வர முயன்றார். ஓடுபாதையை எட்டச் சில கிலோமீட்டர் இருக்கும்போதே விமானம் நொறுங்கி விழுந்தது. 261 பேரும் ஷஹீதானார்கள் என்றே நம்புவோம்.

காற்று குறைந்த டயர். நம் ஊரில் சைக்கிள் கடைக்காரர்கூட இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடும் விஷயம்தான். ஹாஜிகளைச் சுமந்த அந்த விமானத்துக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, 1980 ஆகஸ்ட் 19. கராச்சியிலிருந்து ரியாத் வழியாக ஜித்தா போக வேண்டிய சவூதியா விமானம் அது. ரியாதிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் சரக்கறையில் புகை என்று எச்சரிக்கை வந்தது. விமானி திரும்பி வந்து பத்திரமாக இறக்கியும்விட்டார். ஆனால் இறங்கியவுடன் ஓடுபாதையிலேயே நிறுத்திப் பயணிகளை வெளியேற்றாமல் விமானம் தொடர்ந்து உருண்டுகொண்டிருந்தது. நின்ற பிறகும் எஞ்சின்கள் ஓடின, கதவுகள் திறக்கப்படவில்லை. வெளியிலிருந்து கதவைத் திறப்பதற்குள் 301 பேரும் புகையில் இறந்துபோயிருந்தார்கள்.

ஜித்தாவில் காத்திருக்க வேண்டிய இடத்தில் அவசரப்பட்டார்கள். ரியாதில் அவசரப்பட வேண்டிய இடத்தில் தாமதித்தார்கள். திருச்சியில் இரண்டு விமானிகளும், அவர்களில் ஒருவர் பெண், காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருந்தார்கள். தீயோ புகையோ இருந்திருந்தால் எடை அதிகமாக இருந்தாலும் உடனே இறங்கியிருப்பார்கள். அதற்கும் விதியில் இடமுண்டு. இரண்டரை மணி நேரம் நிதானமாக வட்டமிட்டதே, விமானம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதற்கான அடையாளம். கீழே இருந்த நாம் எதைப் பார்த்து நடுங்கினோமோ, அதுவே ஆறுதல் கொள்ள வேண்டிய செய்தியாக இருந்திருக்கிறது.

தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்

இந்த விளக்கத்தை அன்று மாலை நமக்கு யார் சொன்னார்கள்? சக்கரம் இறங்கவில்லை, விமானம் வயிற்றால் உரசிக்கொண்டு இறங்கப் போகிறது என்று செய்தி பரவியது. உண்மையில் சக்கரங்கள் இறங்கின, விமானமும் வழக்கம் போலவே தரையிறங்கியது. விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் அணிவகுத்து நின்றதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது ஒரு விமானம் கோளாறு சொன்னால் செய்ய வேண்டிய வழக்கமான ஆயத்தம். பிரசவ வார்டில் ரத்தம் தயாராக இருந்தால் தாய் பிழைக்க மாட்டாள் என்றா பொருள்? விமானிகள் அவசர நிலையை அறிவிக்கவில்லை என்று நிறுவனம் பின்னர் சொன்னதைப் பார்த்தவர்கள் குறைவு.

விமானம் இறங்கிய சிறிது நேரத்தில், அதே இரவு எட்டரை மணியளவில், திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் மைசூரு - தர்பங்கா விரைவு ரயில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. கேமராக்கள் அங்கே திரும்பிவிட்டன. திருச்சி விமானத்தில் என்ன பழுது, ஏன் வந்தது என்ற கேள்வி அங்கேயே நின்றுபோனது.

ஊடகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் குழுக்களில் நாமும் குரல் பதிவுகளை மேலனுப்பிக்கொண்டிருந்தோம். யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார் என்று தெரியாமலே அனுப்பினோம். வந்த செய்தியை விசாரித்துத் தெளியாமல் பரப்பக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. அந்த விமானத்தில் மகனை ஏற்றிவிட்ட தாயும் அதே குழுவில் இருப்பார் என்ற நினைவு இருந்திருந்தால் நம் விரல் நின்றிருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

விமானிகளைப் பாராட்டுவதோடு இந்த விஷயம் முடிந்துவிடக் கூடாது. பழுது வந்த பிறகு சரியாகக் கையாண்டார்கள். பழுது ஏன் வந்தது என்பது வேறு கேள்வி. விசாரணை நடத்துமாறு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு மத்திய அமைச்சகம் சொல்லியிருக்கிறது. அந்த விசாரணை சில கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும்.

இதே விமானத்தில் இதே அமைப்பில் முன்பு கோளாறு பதிவாகியிருந்ததா? கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும் குறிப்பிட்ட நாட்கள் வரை பறக்கலாம் என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. அது உலகெங்கும் உள்ள நடைமுறை, தவறில்லை. ஆனால் அன்று அந்த விமானம் அப்படித் தள்ளிப்போட்ட பழுது எதையாவது சுமந்துகொண்டு கிளம்பியதா? குறைந்த கட்டண விமானங்கள் இறங்கிய சற்று நேரத்தில் மறுபடி ஏறுகின்றன. அந்த இடைவெளியில் சந்தேகம் எழுப்பும் பொறியாளருக்கு, "இது கிளம்பக் கூடாது" என்று சொல்ல உண்மையில் அதிகாரம் இருக்கிறதா? ஜித்தாவின் அந்த ஊழியருக்கு இல்லாமல் போனது அதுதான்.

விசாரணை தொடங்கியது என்ற செய்தி நம்மை எட்டுகிறது. முடிவு என்ன என்பது சாமானிய மக்களை எட்டுவதில்லை. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, இராமநாதபுரம் பகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நம் ஜமாஅத்துகள் இதை மனுவாகவே கொடுக்கலாம். முடிவைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு வெளியிடுங்கள் என்று கேட்கலாம். இது அரசியல் கோரிக்கையல்ல, பயணச்சீட்டு வாங்கியவனின் உரிமை.

தாமதத்தின் விலையை யார் கொடுப்பது?

இனி நம் பக்கம் வருவோம். விமானம் தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம் என்று அறிவித்தவுடன் கவுண்டரில் சத்தம் போடுபவர்களில் நாமும் இருக்கிறோம். எப்போது கிளம்பும், ஏன் கிளப்பவில்லை என்று கூட்டமாக நெருக்குகிறோம். அந்த நெருக்கடி கடைசியில் போய்ச் சேருவது சக்கரத்தடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் பொறியாளரிடம்தான்.

ஆனால் பயணிகளுக்குப் பொறுமை இல்லை என்று மட்டும் சொல்வதும் அநியாயம். நாளை வேலையில் சேராவிட்டால் இடம் போய்விடும், விசாவின் கெடு முடிகிறது என்று கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்வது எளிது. 2024 மே மாதம் விமானப் பணியாளர்கள் ஒரே நேரத்தில் விடுப்பு எடுத்ததால் விமானங்கள் ரத்தானபோது, மஸ்கட்டில் நோயுற்றிருந்த கணவரைப் பார்க்கக் கிளம்பிய கேரளப் பெண் ஒருவரால் போகவே முடியவில்லை. கணவர் இறந்துபோனார். தாமதம் சிலருக்கு அத்தனை கனமானது.

எனவே நாம் கேட்க வேண்டியது, விமானத்தைச் சீக்கிரம் கிளப்புங்கள் என்பதல்ல. தாமதத்தின் பாரத்தைப் பயணியின் தலையில் போடாதீர்கள் என்பதே. இதற்கு இந்தியாவில் விதிகளும் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கேட்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்குமிடமும் நிறுவனத்தின் பொறுப்பு. இவை பெரும்பாலோருக்குத் தெரியாது, கேட்காதவர்களுக்குக் கிடைப்பதும் இல்லை. தாமதத்துக்கான காரணத்தைக் குறிப்பிட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்துப்பூர்வமான சான்றும் கேட்டு வாங்குங்கள். முதலாளியிடம் காட்ட அது உதவும். முடிந்தவரை, விசாவின் கடைசி நாளிலோ வேலையில் சேரும் முந்தின நாளிலோ பயணத்தை வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொண்டால், விமானம் திரும்பி வந்தாலும் மனம் பதறாது.

விமானத்துக்குள் இருக்கும்போது பணிப்பெண் காட்டும் பாதுகாப்புச் செயல்முறையை ஒருமுறையாவது கவனியுங்கள். நம் இருக்கைக்கு அருகில் உள்ள அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். வெளியேறச் சொன்னால் கைப்பையை எடுக்காமல் வெளியேறுங்கள். முதல் பயணம் போகும் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

பயணத்துக்கு முன் துஆ ஓதுகிறோம், வழியனுப்பும்போது இறைவனிடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்பதும் மதரஸாவில் நமக்குத் தொடக்கத்திலேயே சொல்லித் தரப்பட்ட பாடம்தான். டயரில் காற்றைச் சரிபார்ப்பதும், எண்ணெய்க் குழாயில் கசிவைத் தேடுவதும், எடை குறையும்வரை வானில் காத்திருப்பதும் அந்தப் பாடத்துக்குள் வருபவையே.

அன்று இரவு தரையிறங்கிய பயணிகளுக்கு மாற்று விமானம் ஏற்பாடு செய்வதாக நிறுவனம் அறிவித்தது. அவர்களில் பலர் மறுபடி ஒருமுறை வீட்டாரிடம் விடைபெற்றிருப்பார்கள். அடுத்த முறை நம் வீட்டுப் பயணி விமான நிலையத்திலிருந்து அழைத்து, விமானத்தில் ஏதோ பழுதாம், தாமதமாகும் என்று சொன்னால், "சரி வாப்பா, பார்த்து முடிக்கட்டும், நிதானமாக வா" என்று சொல்ல நமக்கு முடிய வேண்டும்.